இவான் டயஸ் பற்றி ஒரு பக்கம் எழுத மூன்று வாரம்

2017இல் கர்தினால் இவான் டயஸ் ரோமில் இறந்தபோது, எங்கள் தேவாலயத்தின் பங்கு மடலுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் பங்குத்தந்தை கேட்டார். நான் தாராவியில் வளர்ந்தவன். 1996 முதல் 2006 வரை மும்பைப் பேராயராக இருந்தவரை எனக்குத் தெரியும். அதற்கு முன் முப்பது வருடங்களுக்கு மேல் அவர் திருத்தந்தையின் தூதுப்பணியில் இருந்தார் என்பது மட்டும் காதில் விழுந்திருந்தது. ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

முதல் வரியிலேயே தப்பு. 'திருத்தூதர்' என்று எழுதிவிட்டேன். அது பேதுருவையும் பவுலையும் குறிக்கிற சொல் ஆயிற்றே! 'திருப்பீடத் தூதர்', அதாவது வத்திக்கானின் தூதர், என்று திருத்தினேன். 1982 மே மாதம் அவரை ருசுபிசிர் பேராயராக நியமித்து, கானா, டோகோ, பெனின் நாடுகளுக்குத் தூதராக அனுப்பியதாகக் குறிப்பு சொன்னது. கானா வரைபடத்தில் ருசுபிசிரைத் தேடு தேடென்று தேடினேன். உதவிப் பங்குத்தந்தைதான் விளக்கினார்: அது வட ஆப்பிரிக்காவில் என்றோ மறைந்துபோன மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் (பிஷப்பின்) பொறுப்பில் இருந்த பகுதி. தூதர்களைப் பேராயராக உயர்த்தும்போது இப்படி ஒரு பழைய ஊரின் பெயரைக் கொடுப்பார்கள். மக்களே இல்லாத மறைமாவட்டம். அன்று இரவு எனக்கு அதுவே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் இன்னொரு சிக்கல். கானாவிலும், 1987இல் தென் கொரியாவிலும் அவர் 'புரோ நுன்சியோ'. 1991இல் அல்பேனியாவில் வெறும் 'நுன்சியோ'. நுன்சியோ என்றால் திருப்பீடத் தூதர்தான். பதவி உயர்வு என்று நினைத்து ஒரு பத்தியே எழுதினேன். விஷயம் வேறு. பல நாடுகளில், குறிப்பாகக் கத்தோலிக்க நாடுகளில், அங்குள்ள எல்லாத் தூதர்களுக்கும் முதல்வராகத் திருப்பீடத் தூதரை வைப்பது வழக்கம். 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையும் அதற்கு இடம் தருகிறது. அந்த முதலிடம் தராத நாட்டுக்குப் போகிறவருக்குத்தான் 'புரோ' சேர்த்தார்கள். 1991 முதல் அப்படி 'புரோ' சேர்ப்பதை விட்டுவிட்டார்கள். பத்தியை அடித்தேன்.

பாந்திராவில் பிறப்பு, 1958இல் குருப்பட்டம், ரோமில் மினர்வா சதுக்கத்துக் கல்விக்கூடத்தில் தூதுப்பணிப் பயிற்சி, பிறகு ஸ்காண்டிநேவியா, இந்தோனேசியா, மடகாஸ்கர் தூதரகங்களில் வேலை. வரிசையாக எழுதி வாசித்தால் ரயில் அட்டவணை மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு அல்பேனியாவிலிருந்து தொடங்கினேன்.

1967இல் மதத்தையே தடைசெய்த நாடு அது. ஷ்கோதர் நகரின் பேராலயத்தை விளையாட்டு அரங்காக மாற்றியிருந்தார்கள். குருக்கள் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள், உயிரோடு இருந்தவர்கள் சிறையிலிருந்தும் கட்டாய உழைப்பு முகாம்களிலிருந்தும் வந்தவர்கள். அங்கே போன தூதருக்கு வரவேற்பும் விருந்தும் முக்கியமாக இருந்திருக்க முடியாது. ஆயர்களே இல்லாத திருச்சபைக்கு ஆயர்களைத் தேடித் தரவேண்டிய பொறுப்பு. 1993 ஏப்ரல் 25 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதே ஷ்கோதர் பேராலயத்தில் நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார். இதை எழுதும்போது பேனா கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. என் பக்கத்தில் பாதியை இதற்கே கொடுத்தேன்.

அச்சுக்குப் போகும் முன் தேதிகளைச் சரிபார்த்தேன். அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது 1982 ஜூன் 19. இறந்தது 2017 ஜூன் 19. ஒரே தேதியை இரண்டு இடத்தில் எழுதிவிட்டேனோ என்று பயந்து மறுபடியும் குறிப்புகளைப் புரட்டினேன். இரண்டும் சரிதான்.