வீடு தங்காதவர்களின் வீடு: மேக்கன் பயணம்

அட்லாண்டாவிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் காரோட்டினால் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரை அடைந்துவிடலாம். அங்கே வைன்வில் அவென்யூவில், ஆல்மன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவினர் 1970 முதல் 1973 வரை குடும்பங்களோடு வாடகைக்கு இருந்த ‘பெரிய வீடு’ இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. கிட்டார்களையும் பழைய சுவரொட்டிகளையும் பார்த்தபடி அறை அறையாக நடந்தபோது, இந்த வீட்டில் அவர்கள் எத்தனை இரவுகள்தான் உறங்கியிருப்பார்கள் என்ற எண்ணமே எனக்கு மேலோங்கியது. 1970இல் மட்டும் அவர்கள் ஏறத்தாழ 300 கச்சேரிகள் நடத்தினார்கள். முதல் இரண்டு இசைத்தட்டுகளும் சரியாக விற்காததால், ஒரு வேனில் நெருக்கியடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு பிழைப்பு இருக்கவில்லை.

மதியம் எச் அண்டு எச் உணவகத்தில் வறுத்த கோழி சாப்பிட்டேன். கையில் காசில்லாத நாட்களில் இரண்டு தட்டு வாங்கி எல்லோருமாகப் பங்கிட்டுக்கொண்ட அவர்களுக்கு, ‘மாமா லூயிஸ்’ (லூயிஸ் அம்மா) என்று ஊரே அழைத்த லூயிஸ் ஹட்சன் அம்மையார் வயிறாரச் சோறிட்டது இங்கேதான்.

அலைச்சலுக்குப் பலன் 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்துப் பதிவான நேரடி இசைத்தட்டில் கிடைத்தது. கோட்டுவாத்தியக்காரர் உருளையை நகர்த்துவதுபோல, சிறிய மருந்துக் குப்பி ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு தந்திகள்மேல் இழுத்த, குழுவின் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மனின் வாசிப்பு அந்த நேரடிப் பதிவில்தான் முழுமையாகக் கேட்கிறது. என் கணிப்பில் அவர்களது ஸ்டுடியோ இசைத்தட்டு எதுவும் அதற்கு ஈடாகாது. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று மேக்கனில் நேர்ந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் இறந்தார். மறு ஆண்டு நவம்பரில், அங்கிருந்து சில தெருக்களே தள்ளி, பேஸ் கிட்டார் வாசித்த பெரி ஓக்லியும் அவ்வாறே மாண்டார். இருவருக்கும் வயது 24.

மாலையில் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஓக்மல்கி ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்த சரிவில் இருவரும் அருகருகே கிடக்கிறார்கள். 2017இல் மறைந்த டுவேனின் தம்பி கிரெக்கும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். இரண்டு முறை பிரிந்து, 1989இல் மீண்டும் கூடிய குழுவில், டுவேன் இறந்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின் பிறந்த டெரெக் டிரக்ஸ் 1999இல் சேர்ந்து அதே இழுப்பு வாசிப்பைத் தொடர்ந்தார். 2014 அக்டோபர் 28 அன்று நியூயார்க்கின் பீக்கன் அரங்கில் தொடங்கிய கடைசிக் கச்சேரி நள்ளிரவைத் தாண்டி, டுவேனின் நினைவு நாளில்தான் முடிந்தது.