நாய் கடித்த மான்குட்டியும் 4 மணி நேர அலைச்சலும்

காலை ஏழரைக்கு, மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கிய கொல்லையில் கிடந்த புள்ளிமான் குட்டிக்கு முதல் ஊசி விழுந்தது பதினொன்றரைக்கு. அந்த 4 மணி நேரத்தில் பாதிக்கு மேல் வீணாகப் போனது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வேலூருக்குத் தெற்கே ஜவ்வாது மலை அடிவாரத்தில், கோடையில் தண்ணீர் தேடி மான் இறங்குவதும் ஊர்நாய் துரத்துவதும் வருஷா வருஷம் நடக்கிறது. அடுத்த குட்டிக்காவது அந்த நேரம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் கேடு நாங்கள் போவதற்கு முன்பே நடந்துவிட்டது. யாரோ இரக்கப்பட்டு, குட்டியை மல்லாத்திப் பிடித்து, தண்ணீர் பாட்டிலில் பசும்பால் புகட்டியிருந்தார்கள். பால் மூக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. இப்படி நுரையீரலுக்குள் போகும் பால், நாய் கடித்த காயத்தைவிடச் சீக்கிரம் கொன்றுவிடும். இரண்டு நாள் கழித்துச் சளி கட்டி மூச்சு முட்டும்போதுதான் தெரியும். அதிர்ச்சியில் கிடக்கும் குட்டிக்குக் குடலும் வேலை செய்யாது, உள்ளே போன பால் அப்படியே நின்று உப்பும். மருத்துவர் பார்க்கும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம். சில மணி நேரம் பாலில்லாமல் குட்டி தாங்கும். அணில்குஞ்சு, கீரிக்குட்டி எல்லாவற்றுக்கும் இதே விதிதான்: உடம்பு சில்லென்றிருந்தால் முதலில் கதகதப்பு, பால் அப்புறம்.

மானுக்குக் காயத்தைவிடப் பயம் பெரிய எமன். துரத்தலிலும் பிடியிலும் தசை வெந்ததுபோல் ஆகி, அதிலிருந்து இறங்கும் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சில மணி நேரத்திலும் சாகலாம், பத்து நாள் கழித்தும் சாகலாம். தடவிக் கொடுப்பதும் "ஒண்ணும் இல்லடா" என்று பேசுவதும் ஆட்டுக்குட்டிக்குச் சரி. மானுக்கு மனிதக் கை என்பது வேட்டை மிருகத்தின் பிடி. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மெல்லிய பருத்தித் துண்டால் கண்ணை மூடுங்கள், மூக்குத் துவாரம் திறந்திருக்க வேண்டும். கோணிப்பை விரித்து, நெஞ்சு தரையில் படும்படி, ஆடு அசைபோடப் படுப்பதுபோல் உட்கார வையுங்கள். பக்கவாட்டில் கிடத்தினால் வயிறு உப்பி, இரைப்பையில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும். காலைக் கயிற்றால் கட்டாதீர்கள், இழுக்கும் இழுப்பில் எலும்பு போய்விடும். நிழல், காற்று, அமைதி. வெயில் உச்சியில் உடம்பு கொதித்தால் காதையும் கால்களையும் ஈரத் துணியால் ஒற்றலாம், குடம் குடமாக ஊற்றக் கூடாது. கூட்டத்தைக் கலைப்பதும் சிகிச்சையில் ஒரு பங்கு. செல்போனோடு நின்ற முப்பது பேரை விலக்கியதும் குட்டியின் மூச்சு இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது.

காயத்தில் மஞ்சள், காபித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். மாட்டுப் புண்ணுக்குப் போடும் புழுப்பவுடரும் கூடாது. குட்டி நக்கும், அது விஷம். சுத்தமான ஈரத்துணியால் மூடி ஈயை அண்டவிடாமல் வைத்தாலே போதும். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைக்கும்.

இனி அலைச்சல். வண்டியில் ஏற்றி நேரே கால்நடை மருந்தகம் போனோம். அதுதான் எங்கள் தப்பு. "காட்டு உசுரு சார், எழுத்து இல்லாம கை வெச்சா எங்க மேல வரும். ஃபாரஸ்ட்காரங்கள கூட்டினு வாங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவுப்படி காட்டு விலங்கு அரசுச் சொத்து. ஆனால் ரத்தம் ஒழுகும் குட்டியை வாசலில் வைத்துக்கொண்டு, ஒரு முதலுதவிகூடச் செய்யாமல் திருப்பி அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து வனத்துறை. இணையத்தில் கிடைத்த தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொரு எண்ணில் எடுத்தவர் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, "அது எங்க சரகம் இல்ல" என்று வைத்துவிட்டார். எந்தச் சரகம் என்று சொல்லவில்லை. இங்கேதான் கற்றுக்கொண்டது: வருவாய் எல்லை வேறு, வனச்சரக எல்லை வேறு. பஸ் நிறுத்தத்தின் பெயரோ தாலுகாவோ சொன்னால் அவர்களுக்குப் புரியாது. பக்கத்துக் காப்புக்காட்டின் பெயர், அல்லது ஏரியின் பெயர், எந்த மலைச்சரிவு என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தையும் குட்டியின் படத்தையும் அனுப்ப எண் கேளுங்கள். "எங்களுது இல்ல" என்று சொன்னால் வைக்க விடாதீர்கள், "அப்போ யாருது, நம்பர் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். வேலூரில் இருக்கும் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டால் சரகமும் பீட்டும் (ஒரு வனக்காப்பாளர் பார்க்கும் பகுதி) சொல்லிவிடுவார்கள். நாங்கள் அங்கே முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பீட் வனக்காப்பாளர் கிடைத்ததும் வேலை நடந்தது. அவர் மலைமேல் இருந்தார், வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். அதுவரை காத்திருக்க முடியாது என்றதும், அவருக்கு மேலே இருக்கும் வனவர் ஒரு வெள்ளைத்தாளில் "காயமுற்ற புள்ளிமான் குட்டிக்குச் சிகிச்சை அளிக்கக் கோருதல்" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் படம் எடுத்து அனுப்பினார். செல்போனில் அந்தப் படத்தைக் காட்டியதும் அதே மருந்தகத்தில் கதவு திறந்தது. இதை முதல் அழைப்பிலேயே கேட்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவில் உள்ள ஆகப் பெரிய உபயோகம். அசல் பின்னால் வரும், உயிர் காத்திராது. மருந்தகங்கள் பெரும்பாலும் மத்தியானம் மூடிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மருத்துவர் நல்லவர். பல் பதிந்த ஓட்டைகளைச் சலைனால் பீச்சிக் கழுவினார், தையல் போடவில்லை. நாய்ப்பல் ஓட்டை மேலே சிறிது, உள்ளே ஆழம்; தைத்து மூடினால் சீழ் உள்ளேயே கட்டும்.

1962 என்ற தொலைபேசி எண் கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்திக்கு. மானுக்கு அது வரும் என்று நம்பி உட்காராதீர்கள். கிணற்றில் விழுந்ததென்றால் தீயணைப்புக்கு 101. அப்போதும் கழுத்தில் கயிறு போட விடாதீர்கள், வலை கேளுங்கள். அமிர்தி உயிரியல் பூங்கா பக்கம்தானே என்று நேராகக் கொண்டுபோகவும் வேண்டாம். பூங்காவுக்கும் வனச்சரகம் வழியாகத்தான் போக வேண்டும்.

கையில் வந்த விலங்கைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவித்தாக வேண்டும். "தேறட்டும், அப்புறம் சொல்லலாம்" என்று வீட்டில் வைத்து, அது செத்துப்போனால் வேட்டை வழக்காகக்கூடத் திரும்பும். கிடந்த இடத்தில் நேரத்தோடு படம் எடுங்கள். ஒப்படைக்கும்போது தேதி, நேரம், நிலைமை எழுதி இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். எங்களிடம் "அதெல்லாம் எதுக்கு" என்றார்கள். விடாமல் கேட்டதும் போட்டார்கள்.

தூக்கியவர்கள் கையைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கடித்த நாய்க்கு வெறி இருந்திருந்தால் அதன் எச்சில் காயத்தில் இருக்கும். கையில் கீறல் இருந்த இருவர் அன்றே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. காயமில்லாமல், புதரில் அசையாமல் சுருண்டு கிடக்கும் மான்குட்டி அநாதை அல்ல. தாய் அதை ஒளித்துவிட்டு மேயப் போயிருக்கும், ஆள் நடமாட்டம் நின்றால் வரும். எடுத்து வந்தால் நாம்தான் அதை அநாதையாக்குகிறோம். நாயை விரட்டிவிட்டு விலகி நில்லுங்கள், போதும்.

குட்டி இப்போது வனத்துறைப் பொறுப்பில் இருக்கிறது. பின்னங்கால் விறைக்கிறதா, சிறுநீர் காபி நிறத்தில் போகிறதா என்று பத்து நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். இன்று ஆறாவது நாள். காலையில் வனக்காப்பாளரிடம் கேட்டேன்: எழுந்து நிற்கிறது, சிறுநீர் மஞ்சளாகத்தான் போகிறது என்றார்.