ஆச்சியின் கோடு

எங்கள் வீட்டுப் பட்டாசல், அதாவது கூடத்துச் சுவரில் ஒரு நீலக் கோடு உண்டு. 1992 நவம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்து நின்ற உயரம் அது. புதிதாக யார் வந்தாலும் ஆச்சி முதலில் தண்ணீர்ச் செம்பை நீட்டுவாள், அடுத்து கோட்டைக் காட்டுவாள். "இங்கன நின்னுது பாத்துக்கோ. கழுத்தளவு!" யாருடைய கழுத்து என்று கேட்கக் கூடாது. ஆச்சி கொஞ்சம் குட்டை.

திருநெல்வேலி சிந்துபூந்துறையில் பேப்பரைப் பிரித்தால் ராசிபலனுக்கு முன்னால் அணை நீர்மட்டம் பார்ப்போம். நிரம்பினால் பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இரண்டும் நிரம்புகிற மாதிரி இருந்தால் ஆச்சி கேட்பது ஒரே கேள்வி. "தொண்ணூத்திரெண்டு அளவுக்கு வருமா?" வராது என்றால் ஒரு பெருமூச்சு விடுவாள். அது நிம்மதியா ஏமாற்றமா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி ஒன்று. கொட்டுகிற மழையில் என்னைக் குடை பிடிக்க வைத்து ஆச்சி கோலம் போட்டாள். கோலம் ஐந்து நிமிடம் இருந்தது. ராத்திரி, கோலம் போட்ட வாசலையே காணோம்.

அப்பா பத்திரங்களையும் ரேஷன் கார்டையும் மாடி மச்சிக்குக் கொண்டுபோனார். அம்மா அரிசியைத் தூக்கினாள். எதிர்வீட்டு அண்ணாச்சி, ஏதோ ஒரு வெறியில், தன் டிவிஎஸ் 50ஐ மாடிப்படியில் ஏற்றிவிட்டார். (நாலு நாள் கழித்து அதை இறக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது.) ஆச்சி மட்டும் கட்டிலை விட்டு அசையவில்லை.

"அம்மா, குறுக்குத்துறை முருகனையே மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிட்டாவ. நீ மட்டும் கீழ கெடக்கணுமாக்கும்?" என்றார் அப்பா.

ஆற்றுக்குள் இருக்கிற கோயில் அது. வெள்ளம் வந்தால் உற்சவர் மேலே போய்விடுவார். முருகனோடு சேர்த்துச் சொன்னது ஆச்சிக்குப் பிடித்துவிட்டது. "அப்பம் பல்லக்கு எங்கலே?" என்றாள். நானும் அண்ணனும் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம்.

கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை, பால் இல்லை. கடுங்காப்பிதான். நடுராத்திரி கீழே ஏதோ இடிக்கிற சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், அடுக்களையில் இருந்த பிரிட்ஜ் மிதந்து பட்டாசலுக்கு வந்து, டிவிக்கு எதிரே மல்லாந்து கிடக்கிறது.

"ஒங்க தாத்தாவும் அங்கனதான் படுப்பாவ" என்றாள் ஆச்சி.

பிரிட்ஜுக்கு இன்னும் நாலு தவணை பாக்கி. அம்மா அதுவரை அழுதுகொண்டிருந்தாள். அழுகையை நிறுத்தாமலே சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். எதிர் மாடியிலிருந்து அண்ணாச்சி, "என்ன ஆச்சு? தண்ணி வடிஞ்சிட்டா?" என்று கத்தினார்.

அரை மணிக்கு ஒரு தடவை ஆச்சி என்னை எழுப்பினாள். "ஏலே, கோட்டைத் தொட்டுட்டா பாரு."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பெயிண்டர் கோட்டின் மேலேயும் சேர்த்து அடித்துவிட்டார். ஆச்சி சேலை எடுக்க டவுணுக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் நானே ஒரு மதிப்பாக நீலக் கோடு இழுத்து வைத்தேன். குறைந்துவிட்டால் திட்டு விழுமே என்று கொஞ்சம் தாராளமாகவே. வீட்டில் இன்றுவரை எவருக்கும் தெரியாது. அன்று ராத்திரி படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தவர்களில் எனக்கு மட்டும் வயிற்றில் இரண்டு புளி கரைந்தது.

திங்கள் மத்தியானம் தண்ணீர் நின்றது, கோட்டுக்கு நாலு விரல் கீழே. ஆச்சி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "நான் சொல்லல?"

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு மாட்டிக்கொண்டது, பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள் என்பதெல்லாம் டவர் வந்த பிறகுதான் தெரிந்தது. அதைக் கேட்டதும் ஆச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு, கொஞ்ச நேரம் கோட்டைப் பற்றிப் பேசாமல் இருந்தாள்.

கொஞ்ச நேரம்தான். வீட்டில் சகதி அள்ளிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி டேப்போடு வந்துவிட்டார். அவர் வீட்டுச் சுவரில் இந்தத் தண்ணீர் 92ஐத் தாண்டிவிட்டதாம். "ஒரே தெரு, ஒரே ஆறு. எங்க வீட்ல தாண்டுனது ஒங்க வீட்ல எப்படி ஆச்சி தாண்டாது?"

"ஒம்ம கோடு தப்பு" என்றாள் ஆச்சி.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சகதியைப் பார்த்தேன்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். ஆச்சி எனாமல் பெயிண்ட் வாங்கிவரச் சொல்லி, சுவர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். கீழே புதுக் கோடு, 2023 என்று எழுதினேன். மேலே பழைய கோட்டின் மீதும் பிரஷை ஓட்டச் சொன்னாள்.

"பைய போடுலே. அளவு மாறிரப் போவுது."

பைய போட்டேன்.