தாலி கட்டியவன்தான், ஆனால் பதிவேட்டில் தகப்பன் இல்லை

மகளின் பிறப்புச் சான்றிதழ் போன கிழமைதான் சரியான பெயரோடு கைக்கு வந்தது. அவளுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. 42 நாளுக்குள் ஒரேயொரு தடவை போய் முடித்திருக்க வேண்டிய அலுவல். மண்டபத்தில் ஐயரை வைத்துக் கலியாணம் செய்துவிட்டு, "பதிவை ஆறுதலாய்ப் பாப்பம்" என்று தள்ளிப்போட்டவர்கள் லண்டனில் எங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறீர்கள். பிள்ளை பிறக்க முதலே இதை வாசித்துவிடுங்கள்.

எங்களுக்குக் கலியாணம் நடந்தது 2022இல். அக்கினி வளர்த்து, அம்மி மிதித்து, முன்னூற்றைம்பது பேர் அட்சதை போட, தாலி கட்டினேன். பதிவுக் கலியாணத்துக்கு முதலில் நாள் கிடைக்கவில்லை. பிறகு மனைவிக்கு வேலை மாறியது, பிறகு பிள்ளை வயிற்றில். பதியாததை நாங்கள் பெரிதாக எடுக்கவேயில்லை. இங்கிலாந்துச் சட்டத்தின் பார்வையில் எங்களுக்குக் கலியாணமே ஆகவில்லை என்பது பதிவு அலுவலகத்தின் மேசைக்கு முன்னால் இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு தேடி வாசித்ததில் அக்தர் எதிர் கான் என்ற வழக்கைக் கண்டேன். 1998இல் சவுத்தோலில் நிக்காஹ் மட்டும் செய்து, நான்கு பிள்ளைகளும் பெற்ற தம்பதி அவர்கள். 2020 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அதைச் செல்லாத கலியாணம் என்றுகூடச் சொல்ல முடியாது, சட்டத்தின்படி அங்கே கலியாணம் என்று ஒன்று நடக்கவேயில்லை என்று சொல்லிவிட்டது. ஐயர் நடத்திய மண்டபக் கலியாணத்துக்கும் இதே நிலைதான்.

மகள் பிறந்து பத்தொன்பதாம் நாள் நான் தனியாகப் போனேன். சத்திர சிகிச்சை செய்து எடுத்த பிள்ளை, மனைவியால் படி இறங்க முடியாது. அதோடு முப்பத்தொன்று கழியும்வரை வெளிக்கிட மாமி விடமாட்டார். தகப்பன் தனியாகப் போய்ப் பதியலாம் என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். அது உண்மைதான், சட்டப்படி மணம் முடித்தவர்களுக்கு. பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரி எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதிப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதாவது எனக்கு முதலே தெரிந்திருந்தது.

மேசையில் இருந்த பெண் கலியாணத் திகதியையும் இடத்தையும் கேட்டார். சொன்னேன். பதிவு செய்தீர்களா என்றார். இல்லை என்றேன். விசைப்பலகையில் இருந்த கை நின்றது. "அப்படியென்றால் தாய் வர வேண்டும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஏன், என்ன கொண்டுவர வேண்டும், நானும் வர வேண்டுமா என்று எதுவும் இல்லை. எனக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். நானும் எழும்பி வந்துவிட்டேன்.

அந்த ஒரு வசனத்தால்தான் இவ்வளவும் நடந்தது. எனக்குப் பதிலாகத் தாய் வந்தால் போதும் என்று நான் விளங்கிக்கொண்டேன். அவர் சொல்லியிருக்க வேண்டியது, தாயும் தகப்பனும் சேர்ந்து வர வேண்டும் என்று. மணம் முடிக்காத தகப்பன் தன்பாட்டில் போய்த் தன் பெயரைப் பதிய முடியாது. தாயோடு சேர்ந்து போக வேண்டும். வரமுடியாவிட்டால், இந்தப் பிள்ளைக்கு நான்தான் தகப்பன் என்று சத்தியக் கடதாசி ஒன்று எழுதி, சட்டத்தரணி முன்னால் கையொப்பம் வைத்துத் தாயிடம் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் சத்தியம் வாங்குவதற்குச் சட்டத்தரணிக்குரிய கட்டணம் 5 பவுண். அந்த ஐந்து பவுண் கடதாசி மனைவியின் கைப்பையில் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

முப்பத்தெட்டாம் நாள் மச்சாள் காரில் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு வேலையில் லீவு முடிந்திருந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்து சான்றிதழை விரித்துப் பார்த்தேன். தகப்பன் என்ற பகுதியில் பெயர், பிறந்த இடம், தொழில் என்று மூன்று பெட்டிகள். மூன்றிலும் கோடு இழுத்திருந்தது.

பிள்ளையின் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் மாமாவின் பெயர் இருந்தது. எங்கள் பெயர் முறை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மனைவி இங்கே பாவிக்கும் குடும்பப் பெயர் அவருடைய தகப்பனின் பெயர். "உங்களுடையது போலவேதானே?" என்று பதிவாளர் கேட்டிருக்கிறார். முப்பத்தெட்டு நாள் நித்திரையில்லாத மனுசி தலையாட்டியிருக்கிறார். எங்கள் ஆட்கள் யார் அந்தச் சான்றிதழைப் பார்த்தாலும் தாயும் மகளும் கூடப்பிறந்த சகோதரிகள் என்றுதான் நினைப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே தகப்பன் பெயர்.

இன்னொன்றும் பிறகுதான் தெரிய வந்தது. பிள்ளைக்கு எந்தக் குடும்பப் பெயர் வைக்க வேண்டும் என்று இங்கே கட்டாயம் ஒன்றும் இல்லை. தனியாகப் போயிருந்தாலும், என் பெயரைச் சொல்லி இதைத்தான் குடும்பப் பெயராகப் போடுங்கள் என்று மனைவி கேட்டிருந்தால் போட்டிருப்பார்கள். அப்போதும் தகப்பன் பெட்டியில் கோடுதான், ஆனால் பெயராவது சரியாக இருந்திருக்கும். பதியப் போகும் தாய்மாரே, அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

மனைவி அழுதார். "நான் பிழை விட்டுட்டன், என்னப்பா?" என்றார். "நீர் ஒண்டும் பிழை விடேல்லை" என்றேன். எனக்கும் அப்போது இது வெறும் பெயர்ப் பிரச்சினை என்ற எண்ணம்தான்.

எட்டாம் கிழமை ஊசிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். தாதி சிவப்புப் புத்தகத்தை, அதாவது பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை, திறந்து பெயரைப் பார்த்தார், பிறகு என் பெயரைக் கேட்டார். இரண்டும் பொருந்தவில்லை. பிள்ளைக்கான பெற்றோர் பொறுப்பு, அதாவது அவளுக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமை, உங்களுக்கு இருக்கிறதா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், அது அவருடைய கடமை. தகப்பன் என்றேன், சான்றிதழில் பெயர் இல்லை என்றும் சொன்னேன். மகள் என் மடியில் என் விரலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். தாதி மனைவிக்குத் தொலைபேசி எடுத்துச் சம்மதம் வாங்கினார். பிறகு ஊசி போட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நெஞ்சு எரிந்தது.

அந்தப் பெற்றோர் பொறுப்பு என்பதுதான் இங்கே எல்லாவற்றுக்கும் திறப்பு. தாய்க்கு அது பிறப்போடு வருகிறது, மணம் முடித்த தகப்பனுக்கும் அப்படித்தான். மணம் முடிக்காத தகப்பனுக்கு, தாயோடு சேர்ந்து பிறப்பைப் பதிந்து சான்றிதழில் பெயர் ஏறினால் வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 டிசம்பர் 1 முதல்தான் இந்த வழி. ஸ்கொட்லாந்தில் 2006 மே 4, வட அயர்லாந்தில் 2002 ஏப்ரல் 15. அதற்கு முன்னால் பதிந்த பிள்ளைகள் என்றால் சான்றிதழில் பெயர் இருந்தாலும் அதனால் மட்டும் பொறுப்பு வராது. மற்ற வழிகள், தாயோடு ஒப்பந்தம் எழுதுவது, நீதிமன்ற உத்தரவு, அல்லது தாயைச் சட்டப்படி மணம் முடிப்பது.

ஒப்பந்தம் எழுது, எல்லாம் சரிவரும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு இரண்டாவது வீண் அலைச்சல். படிவத்தை இறக்கி, வீட்டில் இரண்டு பேரும் கையொப்பம் வைத்து, தெரிந்த சட்டத்தரணி அண்ணை ஒருவரின் உதவியாளரைச் சாட்சியாக வைத்து, அரைநாள் லீவு போட்டுக் குடும்ப நீதிமன்றத்துக்குக் கொண்டு போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் திருப்பித் தள்ளினார். கையொப்பம் நீதிமன்ற உத்தியோகத்தர் அல்லது நீதவான் முன்னால்தான் வைக்க வேண்டும். தாயும் நேரே வர வேண்டும். படம் உள்ள அடையாள அட்டையும் பிள்ளையின் முழுச் சான்றிதழும் வேண்டும். படிவத்தின் குறிப்பிலேயே அது இருக்கிறது, நான்தான் வாசிக்கவில்லை. நீங்கள் எழுதப் போனால் வீட்டில் பேனையைத் தொடாதீர்கள்.

அந்த அண்ணைக்கே அன்றிரவு எடுத்தேன். "தம்பி, ஒப்பந்தம் எழுதினா பொறுப்பு வரும், பேர் மாறாது. உமக்கு ரெண்டும் வேணுமெண்டா பிறப்பைத் திரும்பப் பதியும்" என்றார். தகப்பனின் விவரத்தைச் சேர்த்து மறுபதிவு செய்ய ஜிஆர்ஓ 185 என்று ஒரு படிவம் இருக்கிறது. அந்த மறுபதிவோடு, இரண்டு பேரும் சம்மதித்தால், குடும்பப் பெயரையும் மாற்றலாம். பொறுப்பும் அதோடு வந்துவிடும். இவ்வளவு நாளும் யாரும் வாய் திறந்து சொல்லாத விசயம்.

எனக்கு மனதில் ஒன்று கிடந்தது, கேட்டேன். மனைவி சம்மதிக்காமல் விட்டிருந்தால் எனக்கு என்ன உரிமை? அண்ணை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், பெயரைப் பொறுத்தவரை உரிமை என்று ஒன்றும் இல்லை, கேட்கும் வாய்ப்பு மட்டும்தான். பெற்றோர் பொறுப்பு இல்லாவிட்டாலும் தகப்பன் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் நீதிமன்றம் பிள்ளையின் நலனைத்தான் பார்க்கும், தகப்பனின் ஆசையைப் பார்க்காது. டோசன் எதிர் வெர்மவுத் என்ற வழக்கைச் சொன்னார். மணம் முடிக்காத தம்பதி. தாய் பிள்ளையைத் தன் முந்திய கணவரின் குடும்பப் பெயரில் பதிந்துவிட்டார், அவருடைய மூத்த பிள்ளைகளுக்கும் அதே பெயர். தகப்பன் தன் பெயர் வேண்டும் என்று கேட்டுப் போய், 1999இல், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை ஏறித் தோற்றார். ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது சின்ன விசயம் இல்லை, பிள்ளைக்கு அதனால் நன்மை என்று காட்ட வேண்டும் என்பதுதான் சாரம். அதே நேரம் தகப்பனுக்குப் பொறுப்பு வந்துவிட்டால், அதற்குப் பிறகு அவருடைய சம்மதம் இல்லாமல் தாய் தனியே பெயரை மாற்றவும் முடியாது.

எனக்கு எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. என் மனைவி, என் பிள்ளை, ஒரே வீடு. இந்தக் கதவு திறந்தது மனைவியின் ஒரு கையொப்பத்தால்தான். அந்தக் கையொப்பம் கிடைக்காத தகப்பன்மாரை அன்றிரவு நினைத்துப் பார்த்தேன். உங்கள் வீட்டில் கதை பேச்சு நன்றாக இருக்கும்போதே பதிந்துவிடுங்கள்.

மாமாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. பேத்திக்குத் தன் பெயர் என்று அவர் உள்ளுக்குள் சந்தோசப்பட்டது எனக்குத் தெரியும். ஆனால் அவர்தான் முதலில் சொன்னார், "பிள்ளைக்குத் தேப்பன்ர பேர்தான் முன்னெழுத்து. போய் மாத்துங்கோ."

படிவம் அனுப்பிச் சில கிழமைகளில் அழைப்பு வந்தது. இந்தமுறை வேறு ஒரு பதிவாளர், வயது போனவர். அவரிடமும் ஒரு சிக்கல் இருந்தது. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று இருப்பது என் தகப்பனின் பெயர். நான் மகளுக்குக் கேட்டது என் சொந்தப் பெயரை. தாயுடையதும் இல்லை, உங்களுடைய குடும்பப் பெயரும் இல்லையே என்று அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று வழிவழியாக வருவதில்லை, ஒவ்வொரு தலைமுறைக்கும் தகப்பனின் பெயர்தான் பின்னால் நிற்கும் என்று விளங்கப்படுத்தினேன். "அப்படியானால் இவளுடைய பிள்ளைகளுக்கு இது வராதா?" என்று கேட்டார். வராது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பெற்றோர் விரும்பும் பெயர்தான், எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்றார்.

எழுத்துக்கூட்டிச் சொன்னேன். திரையை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். மனைவி ஒரு தடவையும் நான் இரண்டு தடவையும் வாசித்தோம். கையொப்பம் வைத்த பிறகு ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கும் தனி விண்ணப்பம், தனிக் காசு. வெட்கப்படாமல் நேரம் எடுத்து வாசியுங்கள். பிறகு பதிவாளர் தன்னுடைய மைப்பேனையைத் தந்தார். அந்த மையால்தான் வைக்க வேண்டுமாம். மனைவி வைத்தார், நான் வைத்தேன். மை காயும்வரை அவர் பக்கத்தை மூடவில்லை.

மறுபதிவுக்குக் காசு இல்லை, சான்றிதழ் ஒன்று 12.50 பவுண். மூன்று எடுத்தேன். சுருக்கச் சான்றிதழ் எடுக்காதீர்கள், அதில் தாய் தகப்பன் பெயர் இருக்காது. பிள்ளையின் பெயரும் உங்கள் பெயரும் கடவுச்சீட்டில் ஒத்துவராத எங்களைப் போன்றவர்கள் விமானநிலையத்தில் காட்ட முழுச் சான்றிதழ்தான் வேண்டும். பழைய பதிவு அழியாது, அது பதிவேட்டில் அப்படியே இருக்கும். இனிமேல் நாங்கள் பாவிப்பது புதியதை.

அதே அலுவலகத்தில் திரும்பும்போதே பதிவுக் கலியாணத்துக்கு அறிவித்தல் கொடுக்க நாள் எடுத்தோம். அறிவித்தல் கொடுத்து 28 நாள் காத்திருக்க வேண்டும். கலியாணம் முடிந்து மூன்று மாதத்துக்குள் பிள்ளையின் பிறப்பை இன்னொரு தடவை மறுபதிவு செய்ய வேண்டும், அதற்கு 1976ஆம் ஆண்டு ஒரு சட்டம் இருக்கிறது. பதிவாளரே சொன்னார், படிவத்தையும் தந்துவிட்டார். முதல்நாள் அந்த மேசையில் இவர் இருந்திருக்கலாம்.

நேற்று நிறை பார்க்கச் சிவப்புப் புத்தகத்தோடு மகளைக் கொண்டு போனேன். முதல் பக்கத்தில் பழைய பெயரை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் புதுப் பெயரை எழுதியிருந்தேன். அதே தாதி. புத்தகத்தைப் பார்த்தார், நான் நீட்டிய சான்றிதழைப் பார்த்தார், மகளைத் தராசில் படுக்க வைக்கச் சொன்னார். ஆறு கிலோ எண்ணூறு.