சட்டம் அணிவிக்கும் முகமூடி: ஜான் நூனனின் வாழ்வும் பணியும்

பால்ஸ்கிராஃப் வழக்கைப் படிக்காமல் சட்டக் கல்லூரியை முடித்தவர்கள் குறைவு. 1924ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நியூயார்க்கில், லாங் ஐலண்ட் ரயில்வேயின் நிலையம் ஒன்றில், புறப்பட்டுவிட்ட ரயிலில் ஏற முயன்ற பயணி ஒருவரை ஊழியர்கள் பிடித்துத் தள்ளி ஏற்றினார்கள். அப்போது அவர் வைத்திருந்த, செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் தண்டவாளத்தில் விழுந்தது. உள்ளே இருந்தது பட்டாசு. அது வெடித்த அதிர்ச்சியில் நடைமேடையில் தள்ளி நின்ற எடை இயந்திரம் சாய்ந்து ஹெலன் பால்ஸ்கிராஃப் என்ற பெண்மீது விழுந்தது. நடுவர் குழு அவருக்கு 6,000 டாலர் இழப்பீடு வழங்கியது. 1928இல் நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ அதை ரத்து செய்து, முன்கூட்டி ஊகிக்க முடியாத தீங்குக்கு ரயில்வே பொறுப்பாகாது என்று எழுதினார். ஒருவர் மற்றவருக்கு இழைக்கும் தீங்குக்கு ஈடு கேட்பதைப் பற்றிய தீங்கியல் சட்டத்தில் நாம் மனப்பாடம் செய்வது அந்தக் கொள்கையை மட்டும்தான்.

ஜான் டி. நூனன் என்ற சட்டப் பேராசிரியர் அதே வழக்கில் வேறொன்றைக் கேட்டார்: யார் அந்த ஹெலன் பால்ஸ்கிராஃப்? அவர் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்தார். ஹெலன் 43 வயதுத் தாய். கட்டடங்களைத் துப்புரவு செய்து ஆண்டுக்குச் சில நூறு டாலர் சம்பாதித்தவர். வெயில் நாளொன்றில் தம் இரண்டு மகள்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல ரயிலுக்குக் காத்திருந்தவர். விபத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சுத் திக்கத் தொடங்கியது. இவற்றில் பெரும்பாலானவை கார்டோசோவின் தீர்ப்பில் இடம்பெறவில்லை. இடம்பெற்ற ஒன்று, எல்லா நீதிமன்றங்களிலும் ஏற்பட்ட வழக்குச் செலவை எதிர்த்தரப்புக்கு அவரே செலுத்த வேண்டும் என்ற ஆணை. சட்டம் தன் வசதிக்காக மனிதர்களுக்கு "வாதி", "சொத்து", "தரப்பு" என்று முகமூடி அணிவித்துவிட்டு, பிறகு அந்த முகமூடியோடு மட்டுமே பேசுகிறது என்று 1976இல் வெளியான தம் நூலில் நூனன் வாதிட்டார். உயிரறவியலிலும் (உயிர், மருத்துவம் பற்றிய அறக் கேள்விகளை ஆராயும் துறை) சட்டத்திலும் அவர் எடுத்த நிலைப்பாடுகள் அனைத்தையும் இந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கிப் படிப்பதே சரி என்பது என் துணிபு.

நூனன் 1926ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று பாஸ்டனில் பிறந்தார். ஹார்வர்டில் பட்டம் பெற்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சிறிது காலம் படித்து, வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகுதான் அவர் சட்டம் படிக்க ஹார்வர்டுக்குத் திரும்பினார். 1954இல் சட்டப் படிப்பை முடித்து, ஐசன்ஹோவர் ஆட்சியில் தேசியப் பாதுகாப்புக் குழுவின் அலுவலகத்தில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு, பாஸ்டனில் வழக்கறிஞரானார். 1958இல் புரூக்லைன் நகரின் மறுசீரமைப்பு ஆணையத்துக்கான தேர்தலில் அவர் தோற்கடித்த வேட்பாளர், பின்னாளில் அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட மைக்கேல் டுகாக்கிஸ். 1961 முதல் நோட்டர் டாம் சட்டப் பள்ளியில் கற்பித்த அவர், 1960களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குச் சென்றார்.

அவருடைய முதல் பெரிய ஆய்வு வட்டியைப் பற்றியது. 1957இல் வெளியான அந்த நூலைப் படிக்காமல் பிற்கால நூனனைப் புரிந்துகொள்ள முடியாது. கடன் கொடுத்து அதற்கு இலாபம் வாங்குவது பாவம் என்று இடைக்காலக் கத்தோலிக்கத் திருஅவை உறுதியாகக் கற்பித்தது. ஆயர்கள் கூடிய பொதுச்சங்கங்கள் அதைக் கண்டித்தன. 1745இல்கூட திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அந்தக் கண்டனத்தைப் புதுப்பித்துச் சுற்றுமடல் எழுதினார். எனினும் கூட்டு வணிகம், ஆண்டுத்தொகை ஒப்பந்தம், கடன் கொடுத்தவருக்கு உண்மையில் நேரும் நட்டத்துக்கான ஈடு என்று இறையியலாளர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாக நுட்பமாக வகுத்த வேறுபாடுகளின் வழியாக நடைமுறை மெல்ல நகர்ந்தது. சட்டம் அனுமதிக்கும் வட்டியை வாங்குவோரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று 1830களில் உரோமையே பதில் அனுப்பியது. நூனன் இதைக் கேலியாகவோ குற்றச்சாட்டாகவோ எழுதவில்லை. ஒரு கட்டளை எந்த நன்மையைக் காக்க எழுந்தது, அந்த நன்மையை வேறு விதமாகக் காக்க முடியும் நிலை எப்போது வந்தது என்று பொறுமையாகக் கணக்கு எடுத்தார்.

இதே முறையைக் கருத்தடையின்மீது செலுத்தியபோதுதான் உலகம் அவரைக் கவனித்தது. 1965இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட பெருநூலில், உரோமைப் பேரரசுக் காலம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரை கத்தோலிக்க இறையியலாளர்களும் திருஅவைச் சட்ட அறிஞர்களும் கருத்தடை பற்றி எழுதியவற்றை அவர் திரட்டினார். தடை தொடர்ந்து இருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தடை, பிள்ளைப்பேற்றையே தாழ்வாகக் கண்ட ஞானவாதிகள், மானிக்கேயர்கள், கத்தாரியர்கள் ஆகிய சமயக் குழுவினருக்கு எதிராக எதைக் காத்து நின்றது என்று கேட்டார். மக்களைப் பெறுவது நன்மை, அவர்களைக் கற்பித்து வளர்ப்பதில்தான் அது முழுமை பெறுகிறது, குற்றமற்ற உயிர் புனிதமானது, துணைவரின் மாண்பு மதிக்கப்பட வேண்டும், மண அன்பு தூயது என்ற ஐந்து கூற்றுகளை அவர் முன்வைத்தார். இந்த விழுமியங்களைச் சுற்றி எழுப்பப்பட்ட மதில் அரணாக இல்லாமல் சிறையாக மாறினால் அதை அகற்றலாம் என்பதே அந்நூலின் முடிவு.

கருத்தடை பற்றி ஆராயத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1963இல் தொடங்கி, அடுத்த திருத்தந்தை ஆறாம் பவுல் விரிவாக்கிய ஆணைக்குழுவுக்கு நூனன் வரலாற்று ஆலோசகராக இருந்தார். 1966இல் ஆணைக்குழுவின் பெரும்பான்மை மாற்றத்துக்கு ஆதரவாகப் பரிந்துரைத்தது. 1968 ஜூலை 25 தேதியிட்ட சுற்றுமடலில் ஆறாம் பவுல் அந்தப் பரிந்துரையை ஏற்காமல் தடையை உறுதிசெய்தார். அந்த ஆண்டு பல இறையியலாளர்கள் திருஅவை மீதே நம்பிக்கை இழந்தார்கள். நூனன் திருஅவைக்குள்ளேயே இருந்தார், தம் ஆய்வையும் திரும்பப் பெறவில்லை. வாதத்தில் தோற்றாலும் குடும்பத்தை விட்டு வெளியேறாத மனப்பாங்கு இது. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம்.

கருத்தடையில் மாற்றத்துக்குக் கதவு திறந்தவர் கருக்கலைப்பிலும் அப்படியே செய்வார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 1970இல் அவர் தொகுத்து வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில், கருவிலுள்ள உயிரைக் காப்பது கத்தோலிக்க வரலாற்றில் "ஏறக்குறைய முழுமையான" விழுமியம் என்று வாதிட்டார். "ஏறக்குறைய" என்ற சொல்லுக்கு அங்கே பொருள் உண்டு: கருக்குழாயில் தங்கிய கரு, புற்றுநோய் தாக்கிய கருப்பை போன்ற நிலைகளில் தாயின் உயிரும் அதே தராசில் வைக்கப்பட்டது. மனிதப் பெற்றோரிடம் கருவானது மனித உயிரே என்பதுதான் அவருடைய அளவுகோல். அறிவு, அனுபவம், சமூகத்தின் ஏற்பு என்று வேறெந்த அளவுகோலை வைத்தாலும், அதே அளவுகோல் பிறந்துவிட்ட சிலரையும் வெளியே தள்ளிவிடும் என்று அவர் காட்டிய பகுதி இன்றும் வலுவாக நிற்கிறது.

அந்தக் கட்டுரையில் ஒரு வேட்டைக்காரர் வருகிறார். புதரில் அசைவது மனிதனாக இருக்கும் வாய்ப்பு 20 கோடியில் ஒன்று என்றால் சுடுபவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஐந்தில் நான்கு வாய்ப்பு மனிதன் என்றால் சுடலாமா? ஒரு விந்தணுவுக்கும் கருவுற்ற முட்டைக்கும் இடையே வளரும் வாய்ப்பில் உள்ள தாவலை அவர் இப்படிக் கணக்கிட்டார். இந்த இடம் எனக்கு நிறைவளிக்கவில்லை. வளரும் வாய்ப்பு அதிகம் என்பது வேறு, இப்போதே மனிதர் என்பது வேறு. வேட்டைக்காரரின் ஐயம் புதரில் இருப்பது யார் என்பதைப் பற்றியது, அது பின்னாளில் யாராக மாறும் என்பதைப் பற்றியதல்ல. நிகழ்தகவு மட்டும் ஒரு நிறுவல் ஆகாது என்று நூனனும் ஒப்புக்கொள்கிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு குறையையும் சொல்கிறேன். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ வழக்கில் கருக்கலைப்பு உரிமையை ஏற்றபோது, பிறவாத குழந்தைக்குச் சட்டம் முகமூடி அணிவித்துவிட்டது என்று நூனன் எழுதினார். அடிமைகளைச் "சொத்து" என்ற சொல்லால் மறைத்த பழைய சட்டத்தோடு அதை ஒப்பிட்டார். ஆனால் ஹெலன் பால்ஸ்கிராஃபின் வருமானத்தையும் மகள்களையும் தேடிக் கண்டுபிடித்த அதே பேராசிரியர், கர்ப்பிணிப் பெண்ணின் வீட்டையும் வேலையையும் அச்சத்தையும் அதே நெருக்கத்தோடு எழுதவில்லை என்பது என் வாசிப்பு. அவருடைய முறையை மதிப்பவர்கள்தாம் இந்தக் கேள்வியை அவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

அடிமை முறை அவருக்கு வெறும் உவமையாக இருக்கவில்லை. வர்ஜீனியாவின் சட்டங்களைத் திருத்தி எழுதிய தாமஸ் ஜெபர்சனும் அவருடைய ஆசிரியர் ஜார்ஜ் வைத்தும், விடுதலையைப் போற்றிய அதே கையால் அடிமைச் சட்டத்தையும் எவ்வாறு வகுத்தார்கள் என்பதை அவர் விரிவாக ஆராய்ந்தார். 1820இல் பிடிபட்ட ஆன்டிலோப் என்ற அடிமைக் கப்பலைப் பற்றி 1977இல் ஒரு தனி நூலே எழுதினார். கப்பலில் இருந்த ஆப்பிரிக்கர்களில் யார் விடுதலை பெற வேண்டும், யார் உரிமை கோரிய ஸ்பானியருக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்ய ஒரு கட்டத்தில் நீதிமன்றம் சீட்டுக் குலுக்கிப் போட உத்தரவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறுதியில் லைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். எஞ்சியவர்களில் சிலர் அடிமைகளாகவே தங்கினார்கள். மனித உயிரின் மதிப்பைப் பற்றிப் பேசும் உயிரறவியல் மாணவர்கள் மருத்துவமனை வழக்குகளோடு இதையும் படிக்கலாம்.

1985இல் அதிபர் ரீகன் நூனனை மேற்கு மாநிலங்களுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான ஒன்பதாவது சர்க்யூட்டுக்கு நியமித்தார். அவர் எழுதிய மிக முக்கியமான உயிரறவியல் தீர்ப்பு 1995 மார்ச் மாதத்தில் வந்தது. தற்கொலைக்கு உதவுவதைக் குற்றமாக்கும் வாஷிங்டன் மாநிலச் சட்டம், மரணத் தறுவாயிலுள்ள நோயாளிகள் மருத்துவரின் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளும் உரிமையைப் பறிக்கிறது என்று நான்கு மருத்துவர்களும் மூன்று நோயாளிகளும் ஓர் அமைப்பும் வழக்கு தொடுத்திருந்தார்கள். கீழ் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நூனன் அதைத் தள்ளுபடி செய்தார். அவர் எழுதிய காரணங்களில் இறையியல் இல்லை. மருத்துவர்கள் கொல்பவர்களாக மாறக் கூடாது. முதியோரும் நோயாளிகளும் "நான் இருந்து என்ன பயன்" என்ற மன அழுத்தத்துக்கு உள்ளாகக் கூடாது. ஏழைகளும் சிறுபான்மையினரும் சுரண்டப்படக் கூடாது. மாற்றுத்திறனாளிகளைச் சமூகம் அலட்சியப்படுத்தக் கூடாது. நடைமுறை முறைகேடுகளுக்கு இடம் தரக் கூடாது. இவற்றைக் காப்பதில் மாநில அரசுக்கு நியாயமான அக்கறை உண்டு என்றார். 1996இல் அதே நீதிமன்றத்தின் விரிவாக்கப்பட்ட அமர்வு எட்டுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவருடைய தீர்ப்பை மாற்றியது. 1997 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம், குளுக்ஸ்பெர்க் வழக்கு என்ற பெயரில் தன்னிடம் வந்த இதே வழக்கில் ஒருமனதாக, ஒன்பது நீதிபதிகளும் சேர்ந்து, மாநிலத்தின் சட்டம் செல்லும் என்று கூறியது.

இதை மட்டும் வைத்து அவரைப் பழமைவாத நீதிபதி என்று வகைப்படுத்துபவர்கள் மரண தண்டனை வழக்குகளையும் பார்க்க வேண்டும். ராபர்ட் ஆல்டன் ஹாரிஸ் என்ற கைதியின் தண்டனையை 1990இல் நிறுத்திவைத்தவர் நூனன். 1992 ஏப்ரலில் ஹாரிஸ் நச்சுவாயு அறையில் கொல்லப்பட்ட அந்த இரவில், இனி எந்தக் கீழ்க் கூட்டாட்சி நீதிமன்றமும் அவர் வழக்கில் தடை ஆணை பிறப்பிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. பணியிலிருந்த கூட்டாட்சி நீதிபதியான நூனன் அடுத்த சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதி, மரணத்தைக் கால அட்டவணைப்படி நடத்த வேண்டுமா என்று வெளிப்படையாகக் கேட்டார். நீதிபதிகள் அப்படி எழுதுவது மிக அரிது. புகலிடம் கோரி வந்தவர்களின் மேல்முறையீடுகளிலும், அவர்கள் சொன்னதைக் கீழ் அதிகாரிகள் சரியாகக் கேட்டார்களா என்று அவர் கூர்ந்து பார்த்தார்.

2005இல், ஏறத்தாழ எண்பது வயதில், திருஅவைப் போதனை எங்கே மாறியது, எங்கே மாறவில்லை என்பதைத் தொகுத்து அவர் எழுதிய நூலில் அடிமை முறை, வட்டி, சமய உரிமை, மணமுறிவு ஆகியவை வந்தன. கர்தினால் ஏவரி டல்லஸ் அதை விரிவாக மறுத்தார்: நூனன் வளர்ச்சி என்று சொல்லும் பல இடங்களில் தலைகீழ் மாற்றம் நிகழ்ந்ததாகக் காட்ட ஆதாரம் போதாது என்பது அவர் வாதம். அடிமை முறை பற்றிய பகுதியில் நூனன் பக்கமே வலுவானது என்று நினைக்கிறேன். வட்டியில் டல்லஸின் எச்சரிக்கையை எளிதில் தள்ள முடியாது.

2009இல் கத்தோலிக்க நிறுவனமான நோட்டர் டாம் பல்கலைக்கழகம், கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த அதிபர் ஒபாமாவைப் பட்டமளிப்பு விழாவுக்கு அழைத்தபோது, அப்பல்கலைக்கழகம் கத்தோலிக்கர்களுக்கு வழங்கும் லயேடாரே பதக்கத்தை அந்த ஆண்டு ஏற்க மறுத்தார் ஹார்வர்ட் சட்டப் பேராசிரியர் மேரி ஆன் கிளெண்டன். 1984இல் அதே பதக்கம் பெற்றிருந்த நூனன் அவர் இடத்தில் பேச அழைக்கப்பட்டார். கருக்கலைப்பை நாற்பது ஆண்டுகள் எதிர்த்த அவர் அந்த மேடையில் பேசச் சம்மதித்ததைச் சிலர் துரோகம் என்றார்கள். வர மறுத்த தோழியின் துணிவான மனச்சான்றை மதிப்பதாகவும், ஆனால் எல்லோருடைய மனச்சான்றும் ஒன்றல்ல என்றும், அதிபரின் எல்லா முடிவுகளையும் ஆதரிக்காமலேயே அவரிடமுள்ள நன்மையை ஏற்க முடியும் என்றும் அவர் அந்த உரையில் பேசினார். சமய உரிமையைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியவர் வேறெதையும் அங்கே சொல்லியிருக்க முடியாது.

2017 ஏப்ரல் 17 அன்று, 90ஆம் வயதில், சான் பிரான்சிஸ்கோவில் அவர் காலமானார். அவரைப் படிக்கத் தொடங்க விரும்புவோர் 1995ஆம் ஆண்டின் தற்கொலை உதவித் தீர்ப்பிலிருந்து தொடங்கலாம். சுருக்கமானது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குப் பிறகு, 1976ஆம் ஆண்டு நூலில் பால்ஸ்கிராஃப் பற்றிய அத்தியாயம். கருத்தடை நூலுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். அதன் அடிக்குறிப்புகளையும் தாண்டாமல் படியுங்கள்.