தரைத்தளத்தில் முப்பது மாதம், அட்வான்ஸுக்கு ஐந்து மாதம்

அட்வான்ஸில் கடைசி 22,500 ரூபாய் கணக்கில் விழுந்த மெசேஜ் வந்தபோது சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 2024 ஜூன். சென்னை வேளச்சேரி வீட்டைக் காலி செய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தக் கதையை ஊரில் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள், அதிலும் பையனுக்கோ பெண்ணுக்கோ சென்னையில் வேலை கிடைத்து வீடு பார்க்கப் போகிறவர்கள். ஒவ்வொருவரிடமும் முதலில் இருந்து சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

2021 ஜூனில் குடி போனோம். தரைத்தளம், இரண்டு பெட்ரூம், வாடகை 17,500, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். அதே கட்டடத்தில் முதல் மாடி 22,000 கேட்டார்கள். மாதம் 4,500 மிச்சம், அம்மா ஊரிலிருந்து வந்தால் படி ஏற வேண்டியதில்லை என்று நானும் மனைவியும் மாறி மாறி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். புரோக்கரிடம் தண்ணீர் வருமா என்று கேட்கத்தான் செய்தேன். "2015ல மெட்ராஸ் முழுக்கத்தான் சார் வந்துச்சு" என்றார். பதில் மாதிரியே இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த வருஷம் நவம்பர் மழையிலேயே தண்ணீர் கேட்டைத் தாண்டி வந்து முதல் படியில் நின்றது. படியோடு நின்றுவிட்டதே என்று சந்தோஷப்பட்டோம்.

வேளச்சேரியில் தண்ணீர் எங்கே போகிறது என்பதை நான் தெரிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகுதான். ஆதம்பாக்கம் பக்கமிருந்து வரும் வீராங்கால் ஓடை வேளச்சேரியைத் தாண்டிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, அப்புறம் பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடைசியில் கடல். சதுப்பு நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடமும் குப்பை மேடும் ஆகிவிட்டது. இத்தனை வாசல் தாண்டிப் போக வேண்டிய தண்ணீரைக் கடல் உள்ளே விடவில்லை என்றால் அது வந்த வழியே திரும்பும்.

2023 டிசம்பரில் அதுதான் நடந்தது. மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது 5ஆம் தேதி, ஆந்திராவில் பாபட்லா பக்கம். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாளும் சென்னைக்குக் கிட்டத்திலேயே கடலில் ஊர்ந்துகொண்டு, இரண்டு நாளில் நகரத்தின் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. எங்கள் சேலத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலே சுமார் 100 சென்டிமீட்டர்தான்.

தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாசற்படியில் பழைய துணியையும் மணல் மூட்டையையும் அடுக்கி வைத்திருந்தேன். அது வந்தது பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டை மூடியான ஜாலி வழியாக. விடியற்காலை நாலு மணி இருக்கும், கரண்ட் இல்லை, குபுக் குபுக் என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் ஜாலியின் ஓட்டைகளில் இருந்து கறுப்புத் தண்ணீர் சின்னச் சின்னக் குமிழாக எழும்பிக்கொண்டிருந்தது. மணல் மூட்டைக்கு அந்தப் பக்கம் இன்னும் காய்ந்து கிடந்தது, அதுதான் வேடிக்கை. அரை மணி நேரத்தில் கணுக்கால், விடிவதற்குள் முழங்கால், மதியம் இடுப்பு. ஃப்ரிட்ஜ் மிதக்கும் என்று அன்றைக்குத்தான் தெரியும், சாய்ந்து படகு மாதிரி ஹாலுக்கு வந்தது. மூன்று ராத்திரி முதல் மாடிக்காரர் வீட்டில், மொத்தம் பதினோரு பேர். ஆறு மாதமாக பார்க்கிங் விஷயத்தில் என்னோடு பேசாத மனிதர் அவர், கதவைத் திறந்து "உள்ள வாங்க" என்றார், அவ்வளவுதான்.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் முதலில் செய்வது பைக்கை உதைத்துப் பார்ப்பது. நானும் செய்தேன், செய்திருக்கக் கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உள்ளே இருக்கும் சாமான் வளைந்துவிடும், தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றிய பிறகுதான் தொட வேண்டும். இன்சூரன்ஸும் வெறும் தேர்ட் பார்ட்டி, அதில் வெள்ளத்துக்கு ஒரு பைசா கிடையாது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பைக், இரண்டு கட்டில் மெத்தை, மிக்ஸி, பாப்பாவின் புத்தகங்கள் என்று போனதெல்லாம் சேர்த்து 1,28,000 வந்தது. தரைத்தளத்தில் இருந்து முப்பது மாதத்தில் மிச்சம் பிடித்தது 1,35,000. ஆக 7,000 ரூபாய் லாபம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

வாடகை ஒப்பந்தப் பத்திரம் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. அதுவும் ஊறிப் போனது. துணிக்கு அடியில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் காய வைத்தேன், கையெழுத்து மட்டும் ஊதா நிறத்தில் பரவி நின்றது.

சேலத்துக்கே போய்விடுவது என்று டிசம்பர் நடுவிலேயே முடிவு செய்துவிட்டோம், என் கம்பெனிக்கு இங்கே ஒரு கிளை இருந்தது, கேட்டதும் மாற்றல் கொடுத்தார்கள். ஆனால் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் வீடு மாறக் கூடாது என்று அம்மா ஒரே பிடி. சாக்கடை நாற்றம் போகாத வீட்டுக்கு ஜனவரி வாடகையும் முழுசாகக் கட்டி, பொங்கல் கழித்து 28ஆம் தேதி சாவியைக் கொடுத்தோம்.

இனிமேல்தான் அட்வான்ஸ் படலம். ஓனர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை கழித்துக்கொள்வது சென்னை வழக்கம், கழித்தார். சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் போட்ட கோட்டை அழிக்கும் செலவு என் தலையில் ஏன் என்று கேட்டேன். "வழக்கம் சார்" என்றார். மீதி 1,32,500இல் 50,000 அன்றைக்கே கொடுத்தார். பாக்கி? "அடுத்த பார்ட்டி அட்வான்ஸ் குடுத்ததும் உங்களுக்குத்தான் சார்."

இது ஊர் அறிந்த ஏற்பாடுதான். நாம் கொடுத்த அட்வான்ஸ் அவர் கையில் இருக்காது, நமக்கு முன்னால் இருந்தவருக்கோ, அவர் மகள் கல்யாணத்துக்கோ போயிருக்கும். சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2017இல் போட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். நாங்கள் பதிவு செய்யவில்லை. தெருவில் யாருமே செய்யவில்லை. வக்கீலாக இருக்கும் என் சித்தப்பா பையனிடம் பத்திரத்தின் போட்டோவை அனுப்பினேன். "அண்ணா, இதை எடுத்துட்டுப் போனா முதல்ல உன்னையே கேள்வி கேப்பாங்க, பேசியே வாங்கு" என்றான்.

பேசியே வாங்குவது என்றால் என்ன? திங்கட்கிழமை காலை ஒரு வாட்ஸ்அப் வணக்கம். மாதம் ஒரு தரம் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் சென்ட்ரலில் இறங்கி, வேளச்சேரி போய் நேரில் நிற்பது. டிக்கெட்டும் ஆட்டோவும் காபியும் சேர்த்தால் போகப் போக அட்வான்ஸிலேயே பாதி கரைந்துவிடும் போலிருந்தது. எதற்கும் எழுத்தில் ஆதாரம் இருக்கட்டும் என்று ஒவ்வொரு தரம் போய் வந்த பிறகும் "இன்று பேசியபடி பாக்கி இவ்வளவு" என்று மெசேஜ் போட்டு, அவர் ஒரு கட்டைவிரலாவது காட்டும் வரை விட மாட்டேன். நான் செய்ததில் உருப்படியானது இது ஒன்றுதான்.

பிப்ரவரி கடைசியில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன். வீடு பார்க்க வந்த பையன், கேஸ் சிலிண்டர் பில் ஒன்று அலமாரியில் கிடந்ததாம், அதில் என் நம்பர். "அண்ணா, ஒரே ஒரு விஷயம், மழைக்கு அங்க தண்ணி வருமா?" என் 82,500 அந்தப் பையனின் அட்வான்ஸில்தான் இருக்கிறது. இரண்டு விநாடி யோசித்தேன், பொய் சொல்லவில்லை, இரண்டு விநாடி யோசித்தேன். இடுப்பு வரை வந்தது தம்பி, மாடியாகப் பாருங்கள் என்றேன். வீடு இன்னும் ஒரு மாதம் காலியாகக் கிடந்தது. ஏப்ரலில் ஒரு குடும்பம் வந்தது, எனக்கு 60,000 வந்தது. அவர்கள் எனக்கு போன் செய்யவில்லை. ஓனரிடம் நம்பர் வாங்கி நானாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. பாக்கி 22,500க்கு இன்னும் இரண்டு மாதம் வணக்கம் போட்டேன், ஒரு தரம் சட்டத்தையும் மெல்ல நினைவூட்டினேன், வந்தது.

இதற்கு நடுவில் சேலத்தில் வீடு தேடினது தனிக் கூத்து. அம்மாப்பேட்டையில் அம்மாவும் தம்பி குடும்பமும் இருக்கும் வீட்டில் எங்களுக்கு இடமில்லை. அஸ்தம்பட்டி, அழகாபுரம், கன்னங்குறிச்சி என்று டூலெட் போர்டு பார்த்துச் சுற்றினோம். இங்கே வாடகை குறைவு, கேள்வி அதிகம். எத்தனை பேர், சொந்தக்காரர்கள் அடிக்கடி வருவார்களா, கவிச்சி சமைப்பீர்களா. சில வீடுகள் போக்கியத்துக்கு மட்டும்தான், மொத்தமாக ஐந்து ஆறு லட்சம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கலாம், ஆனால் அட்வான்ஸுக்கே நாயாக அலைந்தவனிடம் அதைச் சொன்னால் எப்படி இருக்கும்.

நான் கேட்கும் கேள்விகளும் மாறிப் போயிருந்தன. ஓனரையும் புரோக்கரையும் கேட்பதை விட்டுவிட்டேன். தெரு முனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேட்டேன், அவருக்கு வண்டியை எந்த மழைக்கு எங்கே தள்ளி வைத்தோம் என்று ஞாபகம் இருக்கும். கரண்ட் மீட்டர் பெட்டியைப் பார்ப்பேன், பக்கத்து வீடுகளில் எல்லாம் அதைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கிறது. ரோடு வீட்டு வாசலைவிட உயரமா, எதிர் வீட்டுக்காரர் படியைப் புதிதாக உயர்த்திக் கட்டியிருக்கிறாரா என்று பார்ப்பேன். ஒரு வீட்டில் பாத்ரூம் ஜாலியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், அந்த ஓனர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடைசியில் கன்னங்குறிச்சிப் பக்கம் மாடி வீடு, வாடகை 9,500, அட்வான்ஸ் 50,000. கீழே ஓனர் அம்மா தனியாக இருக்கிறார். மாடியா என்று என் அம்மா முகம் சுளித்தாள், முட்டி வலி. பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

கடலுக்கும் எங்களுக்கும் இனி சம்பந்தமில்லை என்று நினைத்திருந்தேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது, ஏறியதும் கலைந்து போகாமல் அங்கேயே நின்று, அப்புறம் மெதுவாக எங்களைப் பார்த்து உள்ளே வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏற்காட்டில் கொட்டோ கொட்டென்று கொட்டி மலைப்பாதையில் மண் சரிந்தது. சேர்வராயன் மலையில் பெய்வது அடிவாரத்துப் புது ஏரிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் மூக்கனேரிக்கு வந்து, அப்புறம் திருமணிமுத்தாற்றில் சேர வேண்டும். கடல் இல்லாத ஊரிலும் தண்ணீருக்கு ஒரு பாதை இருக்கிறது, அதிலும் வீடு கட்டியிருக்கிறோம்.

டிசம்பர் 1 ஞாயிறு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பழக்க தோஷம், மாடி பாத்ரூம் ஜாலியை நாலு தரம் டார்ச் அடித்துப் பார்த்தேன். பதினொன்றரைக்குத் தெருவில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. வேளச்சேரியில் அந்த வீட்டுக்கு வந்த குடும்பம் என்ன செய்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன், கூப்பிட நம்பர் இல்லை, அவர்கள் பேர்கூடத் தெரியாது. ஒரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டு அம்மா, தலையில் துண்டு, கையில் சாமி படம்.

"தம்பி, படிக்கிட்ட வந்திருச்சுங்க. அரிசி மூட்டைய மட்டும் உங்க வீட்டுல வச்சுக்கட்டுங்களா?"

மூட்டை 25 கிலோ. நான் முன்னால் பிடிக்க, மனைவி பின்னால் பிடிக்க, அந்த அம்மா டார்ச் காட்ட, ஏற்றினோம். அப்புறம் சிலிண்டர், அப்புறம் துணி மூட்டை. பீரோவின் கீழ்த்தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வீட்டுப் பத்திரம் என்றார். திரும்ப இறங்கினேன்.