குழந்தையின் தொடை எலும்பும் ‘ஆண்’ என்று எழுதிய அறிக்கையும்

எங்கள் கோவில் சுற்றுச்சுவருக்குக் கடைக்கால் தோண்டியபோது கிடைத்த குழந்தை எலும்புகளை ஒருவழியாகப் போன வாரம் அடக்கம் செய்துவிட்டோம். பட்ட அலைச்சலில் பெரும்பகுதி முதல் அறிக்கையால் வந்தது. அதில் பாலினம் ‘ஆண்’, வயது ‘3’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். இரண்டுமே அந்த எலும்பு சொல்லாத சேதி. இன்னும் எனக்கு ஆறவில்லை.

இடம் தென்னாப்பிரிக்காவில் குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் வடகரை, பழைய கரும்புத் தோட்ட நிலம். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்கள் உழைத்து மடிந்த மண். குழந்தைகளைப் புதைப்பதுதானே நம் வழக்கம். வேலையை நிறுத்தினோம், போலீஸ் வந்தது, குற்றம் எதுவும் இல்லை, பழைய எலும்பு என்றது. அதுவரை எல்லாம் சரி.

ஆனால் தோண்டியவர்கள் நீளமான எலும்புகளை மட்டும் பொறுக்கிவிட்டு, மிச்ச மண்ணை பேக்கி என்னும் சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றிக் கொட்டக் கிளம்பினார்கள். கமிட்டித் தலைவர் மாமாதான் குறுக்கே நின்று, “ஒரு பிடி மண்கூட வெளியே போகக் கூடாது” என்று சல்லடை போட வைத்தார். வளரும் எலும்பில் தண்டு தனி, முனை தனி. இடையில் இருக்கும் குருத்தெலும்பு மண்ணில் அழிந்ததும் முனை கழன்றுவிடும். சலித்ததில் பாதியாக அறுத்த கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் தட்டை, மேலெல்லாம் ஊசி முனைத் துளைகள். அதுதான் தொடை எலும்பின் தலை. தெரியாதவர் கையில் அது வெறும் கல். உங்கள் ஊரில் இப்படி நடந்தால் முதலில் மண்ணைக் காப்பாற்றுங்கள். பல் கிடைத்தால் விடவே விடாதீர்கள். வயது சொல்வதில் எலும்பைவிடப் பல் நம்பகமானது. எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

முதலில் பார்த்தவர் அந்தத் தலையைத் தண்டோடு பொருத்தி வைத்து அளந்து, தண்டுக்கு மட்டுமான அட்டவணையில் வயதைப் பார்த்திருக்கிறார். எலும்பு தடிமனாகத் தெரிந்ததால் ‘ஆண்’ என்று போட்டுவிட்டார்.

அந்த அறிக்கையோடு, அனுமதி கேட்டுப் பாரம்பரியத் துறை அலுவலகக் கவுண்டருக்குப் போனோம். 1999ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரிய வளச் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, உள்ளாட்சி இடுகாட்டுக்கு வெளியே இருக்கும் 60 ஆண்டுக்கு மேற்பட்ட புதைகுழியை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. 60 என்பது குழியின் வயது. அங்கே இருந்தவர் ‘வயது 3’ என்பதைப் பார்த்ததும், “60 ஆகவில்லையே, இது எங்களுக்கு வராது” என்று தாளைத் திருப்பித் தள்ளினார். விளக்கிச் சொன்னதும் வேறு பிடி பிடித்தார்: ஆண் என்று தெரிந்திருக்கிறதே, அப்படியானால் ஆள் யாரென்று தெரியும்தானே, இறப்புப் பதிவு எங்கே? கூட வந்த ஆயா அங்கேயே கண் கலங்கிவிட்டார்.

அப்புறம்தான் ஒரு பல்கலைக்கழகத்தில் எலும்பு மானுடவியல் பார்க்கும் அம்மாவிடம் போனோம். அவர் எலும்பின் தலையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அளவுப் பலகையில் தண்டை மட்டும் படுக்க வைத்தார். 171 மில்லிமீட்டர். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு இது சுமார் 74. ஒரு வயதில் 136 அளவில். இரண்டு வயதில் 172ஐ ஒட்டி வரும். “அப்போ ரெண்டு வயசா டாக்டர்?” என்றேன். இல்லையாம். இந்த ஒரு வயது, இரண்டு வயது அளவுகளைத் தரும் அட்டவணை அமெரிக்காவின் டென்வர் நகரில் நன்றாக வளர்ந்த குழந்தைகளின் எக்ஸ்ரேயில் இருந்து எடுத்தது. அரைவயிற்றுக் கஞ்சி குடித்த தோட்டத்துக் குழந்தையின் எலும்பு வயதுக்குக் குட்டையாகவே இருந்திருக்கும். அதனால் ‘இரண்டு முதல் மூன்றரை’ என்று எழுதினார். அந்தக் குழந்தையின் பசியையும் கணக்கில் சேர்த்த அந்த வரிக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பாலினம்? பருவமடையும் முன் ஆண், பெண் கால் எலும்பு அளவுகள் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கும். இங்கே வைரச் சுரங்கத் தொழிலாளரைச் சோதிக்க உருவான லோடாக்ஸ் எக்ஸ்ரேயில் எடுத்த குழந்தைப் படங்களை வைத்து, நீளமும் அகலமும் சேர்த்துக் கணக்கிடும் முறைகள் வந்திருக்கின்றன. ஆனால் அவை இன்றைய குழந்தைகள். பழைய குழியில் கிடைத்த ஒற்றைத் தண்டுக்கு அதை நம்பிக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். டிஎன்ஏ பார்க்கலாம், ஆனால் எலும்பில் துளை போட வேண்டும். கமிட்டி வேண்டாம் என்றது. நானும் அதையே சொன்னேன்.

பதின்வயது எலும்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். தொடை எலும்பின் முழங்கால் முனை பெண்களுக்குச் சுமார் 14 முதல் 18 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 16 முதல் 20 வயதுக்குள்ளும் தண்டோடு ஒட்டும். பாலினம் தெரியாமல் ஒற்றை வயது எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

புது அறிக்கையில் ‘பாலினம்: கண்டறிய இயலாது’ என்று இருந்தது. குழியின் காலத்தைத் தனி வரியில் எழுதச் சொல்லி வாங்கினோம். தோட்டத்தின் பழைய நிலப்படத்தையும் பெரியவர்களின் அஃபிடவிட்டையும் சேர்த்துக் கட்டினோம். அதே கவுண்டரில் அதே ஆள் மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தினார். பையனா பெண்ணா என்று குருக்களும் கேட்கவில்லை. குழந்தை என்றே சொல்லிக் காரியத்தை முடித்துக் கொடுத்தார்.

சுவரை இப்போது உள்ளே தள்ளிக் கட்டுகிறோம். பக்கத்தில் இன்னும் சில மேடுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று.